சந்தனம் பூசிய பவர் சப்ளை

“வருசா வருசம் ஆயுத பூசைக்கு நீங்க அப்புன சந்தனத்துலதாங்க, பாவம், அது மூச்சு விட முடியாம கெடக்கு.”

புதுக்கோட்டையிலிருந்து பொன்னமராவதி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கணவனும் மனைவியும். கணவர் மடியில் புதுக் கம்ப்யூட்டருக்கான பாகங்கள் அடங்கிய பெரிய பெட்டி. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைப் புதியதில் மாட்டலாமா என்பதுதான் வழக்கு.

“ஒரு நாளு நின்னுருக்கா செல்வி அது? எத்தனை மின்னலு, எத்தனை லோ வோல்டேஜு!”

“நிக்கலதான். நான் இல்லங்கல.”

“பெறகென்ன? ராசியான சாமான்.”

“நேத்து கழட்டிப் பாத்தேன். காத்து போற ஓட்டையெல்லாம் சந்தனமும் தூசியுமா அடைஞ்சிருக்கு. உள்ள சூடேறி கெப்பாசிட்டரு உப்பிப்போச்சு. அதை மாட்டி, புது போர்டு எரிஞ்சு, எடுத்த கல்யாண வீடியோவும் போச்சுன்னா பொண்ணு வீட்டுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?”

அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“நீயேவா கழட்டுன?”

“வேற யாரு?”

“அப்பப் புதுசு வாங்கிருக்கணுமே.”

“வாங்கியாச்சு. பையில இருக்கு.”

“இதுக்காச்சும் பொட்டு வைக்கலாமா?”

“தாராளமா. ஓட்டைய விட்டுட்டு மேல தகரத்துல வைங்க.”

நடத்துனர் வந்து நின்றார். “லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்ணே. பெட்டியில என்ன?”

“கம்ப்யூட்டரு,” என்றார் அவர், கடைசி இருக்கை வரை கேட்கும்படி. “கடையில மாட்டித் தாரேன்னாங்க, வேணாம்னுட்டோம். நம்ம சம்சாரமே மாட்டும்.”