முப்பத்திரண்டு டிகிரித் தண்ணீர்

வீட்டு நீச்சல் குளத்தைச் சூடாக்க மின்சாரத்தை நம்பக் கூடாது. மொட்டைமாடியில் கறுப்புக் குழாய்களை வரிசையாகப் பரப்பி, குளத்துத் தண்ணீரை அவற்றின் வழியாக ஓடவிட்டால் போதும். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். நாலே நாளில் முப்பத்திரண்டு டிகிரிக்கு வந்துவிடும். காலையில் பம்ப் ஓடத் தொடங்கியதும் குழாய்க்குள் தங்கிய காற்று முதலில் வரும். குளத்தின் மேல் விரித்திருக்கும் நீலப் பிளாஸ்டிக் மூடியை அடியிலிருந்து நாலைந்து முறை தட்டும். அது வெறும் காற்றுதான். தினமும் எனக்கே இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பது என் தொழில். சூடு எங்கே போகும், எங்கே தங்கும் என்று எனக்குத் தெரியும். வீடும் குளமும் மாமனார் விட்டுப்போனவை. என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தபோது, வெதுவெதுப்பான தண்ணீரில் நடக்கவிடச் சொன்னார் டாக்டர். பக்கத்திலேயே அவளுடைய தங்கை நின்றிருந்தாள். நான் எப்படி மாட்டேன் என்பேன்? பத்து நாளில் எல்லாவற்றையும் நானே பொருத்தி முடித்தேன். அக்கம்பக்கத்தில் என்னைத் தலைமேல் தூக்கிவைத்துப் பேசினார்கள்.

நோயில் விழுவதற்கு முந்தைய வாரம் அவள் பெட்டியில் துணி அடுக்கியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. தங்கை வீட்டுக்குப் போகிறாளாம், திரும்பி வரமாட்டாளாம். இருபத்தாறு வருடத்தில் நான் அவள்மேல் கை வைத்ததில்லை. எங்கே போகிறாய், யாரோடு பேசினாய் என்று கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அக்கறை இல்லாதவன் ஏன் கேட்கப் போகிறான்?

நோய் வந்த பிறகு கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. தலை வாரிவிடுவேன், ஊட்டிவிடுவேன், தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்குவேன். என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. சுவரோரக் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு, குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நடை, இரண்டு நடை என்று முன்னேறினாள். ஒருநாள் போனில் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பத்து நடை நடந்துட்டேன்னா வந்து கூட்டிட்டுப் போயிடுடி. பெட்டி கட்டினது கட்டினபடியேதான் இருக்கு."

வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

மொட்டைமாடியில் சூட்டை அறியும் கருவி ஒன்று உண்டு, விரல் நீளம்தான். மாடி காய்ந்தால்தான் அது தண்ணீரை மேலே அனுப்பும். அதன்மேல் நனைத்த துண்டைப் போட்டுவிட்டால், வெயிலே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். அவள் எட்டு நடையைத் தொட்ட அன்று துண்டைப் போட்டேன். குளத்து மூடியையும் விரிக்காமல் விட்டேன். சில நாளில் தண்ணீர் சில்லிட்டது, கால் இறுகிப்போய் மூன்று நடைக்கு வந்துவிட்டாள். அழுதாள். பார்க்கப் பொறுக்காமல் துண்டை எடுத்துவிட்டேன். நான் ஒன்றும் கல் நெஞ்சுக்காரன் இல்லை. மறுபடி எட்டு நடை வந்தது. மறுபடி துண்டு. ஒரு வருடத்தில் ஐந்து தடவை இருக்கும்.

"வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, தண்ணி மட்டும் ஏங்க இப்படி இருக்கு?" என்பாள்.

"மெஷின்னா அப்படித்தாம்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

ஆறாவது தடவை, காலையில் துண்டைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். பிற்பகல் திரும்பி வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் என் தட்டு இருக்கும் இடத்தில் அந்தத் துண்டு இருந்தது. காய்ந்து மொடமொடவென்று, நாலாக மடித்து. மாடிக்குப் பத்தொன்பது படி. அத்தனையும் ஏறி இறங்கியிருக்கிறாள், என்னைக் கூப்பிடாமல்.

குளத்திலும் தானாகவே இறங்கியிருந்தாள்.

"ஒன்பது முடிஞ்சுதுங்க. இது பத்தாவது," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "தங்கச்சி கிளம்பி வந்துட்டிருக்கா."

திட்டவில்லை. துண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம்.

கழுத்தளவு ஆழத்துக்கு அவள் போனதும் மூடியின் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வெயில் சாய்ந்தால் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் சேர்த்த சூடெல்லாம் போய்விடும். எனக்கு இரண்டு வருடப் பழக்கம் அது. ஈரப் பிளாஸ்டிக் தலையில் ஒட்டிக்கொண்டால் ஒற்றைக் கையால் விலக்குவது கஷ்டம். அவளுக்கு இருந்ததும் ஒரு கைதான். கம்பியை விட்டுவிட்டு அந்தக் கையால் அடியிலிருந்து தட்டினாள். நாலைந்து முறை. நான் கயிற்றைத் தளர்த்தவில்லை.

கால் வழுக்கிவிட்டது என்று தங்கையிடம் சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள். என் மரியாதை அப்படி.

இப்போது ஸ்டேஷனுக்கு நானாக ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். போன மாதமே பம்பைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டேன். குழாயையும் அறுத்துவிட்டேன். இன்று காலையும் மூடி தட்டியது.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அன்று தண்ணீர் சரியாக முப்பத்திரண்டு டிகிரி இருந்தது. அவளுக்குக் குளிர நான் விடவில்லை.