ஆறு கிலோ தவளைக்கால்

தவளையில் பின்னங்கால் மட்டும்தான் விலைபோகும் என்பது எனக்கே முதலில் தெரியாது, சார். முழுத் தவளைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு மெட்ராஸ் ஏற்றுமதி ஏஜெண்ட் முன்னால் போய் நின்றேன். சிரித்து முடித்துவிட்டு, பிரான்சுக்காரன் அனுப்பிய ஆறு பக்கக் காகிதத்தைக் கையில் கொடுத்தார். பிடித்த இடத்திலிருந்து கப்பல் வரைக்கும் குளிர் அறுபடக் கூடாது, அதற்குச் சங்கிலி என்று பெயர் என்றார். மாதம் ஒரு மாதிரி, ஆறு கிலோ, உறைந்த நிலையில். மூன்று மாதமும் தேறினால் ஒப்பந்தம்.

இது போன வருஷம், எண்பத்தைந்தில். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கரண்டு உங்களுக்குத் தெரியாததல்ல. வரும்போதும் சொல்லாது, போகும்போதும் சொல்லாது. ஐஸ் கட்டி காஞ்சிபுரத்தில் மரத்தூள் போர்த்திக்கொண்டு பஸ் மேல் ஏறும். எங்கள் ஊரில் இறங்குவது ஈர மரத்தூள் மட்டும். எங்கே தொட்டாலும் ஒரு கண்ணி அறுந்தது. யூனியன் சேர்மன் மாலையோடு வந்து, 'நமது ஏரித் தவளை உலகை வெல்லும்' என்று முக்கால் மணி நேரம் பேசினார். அவர் நன்றி சொல்வதற்குள் மேடையில் காட்சிக்கு வைத்திருந்த கால்கள் நாறிவிட்டன.

டீக்கடையில் வீராசாமி ஆரம்பித்தான்: "இன்னா தாண்டவராயா, தவக்களைய ஐஸ்ல வெச்சிட்டு நீ வேர்த்துக்கினு கீற? நீ போயி பொட்டில குந்திக்கோ. தவக்கள யாவாரத்தப் பாத்துக்கும்."

கடையே சிரித்தது.

தவளை பிடித்தது முருகேசனும் அவன் பெண்சாதி அங்கம்மாளும். ஏரிக்கரையோரத்து இருளர் குடிசைக்காரர்கள். கெட்டிக்காரர்கள்தான், காகிதத்தில் இருந்த விதிதான் மண்டையில் ஏறாது. ஒருநாள் கரண்டு போய் நான் வாங்கியிருந்த பிரீசர் பெட்டியில் கால்களெல்லாம் இளகி, கரண்டு வந்ததும் மறுபடி உறைந்தன.

"கெட்டியாயிட்சே நைனா, நல்லாத்தானே கீது?" என்றான் முருகேசன்.

மொத்தத்தையும் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னேன். ஒரு தடவை இளகியது இளகியதுதான். மறுபடி உறைந்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, உள்ளே கெட்டிருக்கும். ஆறு பக்கத்தில் எனக்கு மனப்பாடமான வரி அது.

அறுபடாத குளிர் ஊரில் ஒரே இடத்தில் இருந்தது. என் வீட்டு முன் அறையைச் சுகாதார நிலையத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். அங்கே மண்ணெண்ணெயில் ஓடும் பிரிட்ஜ். அதன் ஐஸ் அறையில் குழந்தைகளுக்கான போலியோ சொட்டு மருந்து. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மருந்து வரும், அடுத்த புதன்கிழமை ஊற்றுவார்கள். நர்ஸ் சிட்டம்மாள் சனிக்கிழமை ஊருக்குப் போனால் திங்கள் மத்தியானம்தான் திரும்புவார். இன்னொரு சாவி என்னிடம் இருந்தது.

ஐஸ் அறை சின்னது. ஆறு கிலோவும் மருந்தும் சேர்ந்து கொள்ளாது. மருந்துக் குப்பிகளை எடுத்து ஜன்னல் மேடையில் வரிசையாக வைத்தேன். ஒன்றுகூட உடையவில்லை. வெயிலில் அரை மணி நேரத்தில் தண்ணீராகிவிடும். திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு மாதிரியைத் தெர்மாக்கோல் பெட்டியில் எடுத்துக்கொண்டு, குப்பிகளை இருந்தபடியே அடுக்கிவிட்டுப் போவேன். நர்ஸம்மா வரும்போது கெட்டியாக உறைந்திருக்கும். ஆடி, ஆவணி, புரட்டாசி. மூன்று மாதிரி. பிள்ளைகளுக்கும் மூன்று தவணைதான்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை, அங்கம்மாள் கைக்குழந்தையோடு வாசலில் தயங்கி நின்றாள்.

"போன தபாவே புள்ள ராவெல்லாம் அய்துச்சி நைனா, ஒரே பேஜாரு. இந்தத் தபா வாணாம்னு பாக்கறேன்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நர்ஸம்மா மேலே எழுதுவார், பூட்டை மாற்றுவார்கள். மூன்றாவது மாதிரி பாக்கி இருந்தது.

"ஒண்ணும் ஆவாது, இட்டுக்கினு போ. ஊத்திக்கினு சுருக்கா வேலைக்கு வா" என்றேன்.

நர்ஸம்மாவுக்குச் சந்தோஷம். "நீங்க சொன்னாத்தான் இவங்கல்லாம் கேக்கறாங்க" என்றார்.

கார்த்திகையில் அந்தக் குடிசைகளில் காய்ச்சல் வந்தது. மூன்று பிள்ளைகள் பிழைத்தன. அவற்றின் கால்கள் பிழைக்கவில்லை. அங்கம்மாளின் மகள் மலர்க்கொடி அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தாள்.

"மூணு தபா ஊத்துனனே நைனா, காலு தொவண்டு தொங்குதே" என்று அங்கம்மாள் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நானே பஸ் ஏற்றிவிட்டேன். இரக்கமில்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

இத்தனை நாள் கழித்து ஸ்டேஷனுக்கு எதற்கு வந்தாய் என்று கேட்டீர்கள். மேலேயிருந்து வந்தவர்கள் பிரிட்ஜ் பழுது, நர்ஸ் கவனிக்கவில்லை என்று எழுதி, சிட்டம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பாவம்தான். ஆனால் 'பிரிட்ஜ் பழுது' என்பது பேப்பரிலும் வந்துவிட்டது. ஏஜெண்ட் அதைப் படித்துவிட்டு, உன் மாதிரிகள் எந்தப் பிரிட்ஜில் இருந்தன என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். மூன்று மாதிரியும் தேறிவிட்டன, இந்த மாதம் முதல் கப்பல்.

ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிரிட்ஜ் ஒரு நிமிஷம்கூட நின்றதில்லை. மருந்தை வெளியே எடுத்தவன் நான். கெட்டுவிட்டது என்று தெரிந்தே திரும்ப வைத்தவனும் நான். வேண்டாம் என்றவளை ஊற்றிக்கொள்ளச் சொன்னவனும் நான்தான். தவளைக்கால் மட்டும் மூன்று தடவையும் கொஞ்சம்கூட இளகவில்லை. அதை விட்டுவிடாமல் போடுங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். முத்திரை வைத்து ஒரு நகல் மட்டும் கொடுங்கள் சார், ஏஜெண்டுக்கு அனுப்ப வேண்டும்.