அவன் கம்பெனியத் தொறந்தாங்களா?

மேட்னி முடிந்து ஆவடி பஸ்ஸில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். கம்பெனியை மூடியதால் வேலையிழந்த கபடிக்காரனைப் பற்றிய படமாம்.

"கப்பு வாங்கிட்டான், சரி. மூடுன கம்பெனிய தொறந்தாங்களா இல்லியா, காட்டவே இல்லியே!"

"தியேட்டரே எழுந்து விசிலடிக்குது. நீ மட்டும் உம்முன்னு குந்திகினு இருந்த."

"கப்ப வெச்சிகினு ஊட்டு வாடக குடுப்பானா?"

"யோவ், இத்தினி நாளா மூடிக்கெடந்த உன் கம்பெனியே நாளைக்குத் தொறக்குது. அத்தோட உடேன்."

"அதான்டி சொல்றேன். எனக்கு நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு கீது. அவனுக்கு?"

அந்த அம்மா சிரித்துக்கொண்டே மிச்சப் பாப்கார்னை அவர் கையில் கொட்டினார்.

"அவனுக்கு செகண்ட் பார்ட்ல தொறப்பாங்க. உனுக்கு நாளைக்கு டிபன் பாக்ஸ்ல இன்னா கட்டட்டும், அத்த சொல்லு."