கருப்பட்டியை ஒளிக்காதே

பதுளை ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்த கணவனும் மனைவியும் நின்றார்கள். கணவரின் காலில் புண்ணுக்குக் கட்டு.

“இனிமே கருப்பட்டிய ஒளிக்காத, புள்ள,” என்றார் அவர்.

“ஏங்க, திங்கவா? நீரிழிவு காலையே கொண்டுபோயிருமுன்னு டாக்டர் சொன்னாருல்ல?”

“ஒளிச்சா நாளெல்லாம் அதத் தேடத்தான் மனசு போகுது. கண்ணு முன்னால வையி. பாத்துக்கிட்டே சும்மா இருக்கப் பழகுறேன்.”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு கருப்பட்டித் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். “இது பேத்திக்கு. வச்சிருங்க பாப்போம்.”

வரிசை நகர்ந்தது. அவர் எச்சில் விழுங்கினார். உள்ளே கூப்பிட்டதும் துண்டை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு இனிப்பு பிசுபிசுத்த வெறுங்கையை மெல்ல வாயருகே கொண்டுபோனார்.

அவள் அந்தக் கையைப் பிடித்து, முந்தானையால் அழுந்தத் துடைத்துவிட்டாள்.