நூத்தி நாப்பத்தோரு பேருக்குப் போன மெயில்

தங்கை: கையை எடுங்க. மவுஸைத் தொடாதீங்க.

அண்ணன்: தொடல... சும்மா கொஞ்சம் நகர்த்தினேன்.

தங்கை: நகர்த்தறதுக்குப் பேருதான் தொடறது. இன்டர்நெட் ஒயரு எங்க?

அண்ணி: பீரோ மேல. நான்தான் பிடுங்கி அங்க வச்சிட்டேன். பின்னே? திரையில அம்புக்குறி அதுபாட்டுக்கு ஓடுது, ஒருத்தரும் தொடல. உங்க அண்ணன் வாயைப் பொளந்துக்கிட்டு வேடிக்கை பாக்கறாரு. ஓடிப்போய் ஒரே இழுப்பு!

தங்கை: நேத்து இந்த வீட்டுல நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான் அண்ணி.

அண்ணன்: நானும் பிடுங்கலாம்னுதான் இருந்தேன்...

அண்ணி: இருந்தீங்க இருந்தீங்க.

தங்கை: சரி. முதல்லேர்ந்து சொல்லுங்க. போன் எப்ப வந்துச்சு?

அண்ணி: என்னம்மா இது, கூடப் பொறந்த அண்ணனைப் போய் 'தொடாதீங்க, சொல்லுங்க'ன்னுட்டு...

தங்கை: கம்ப்யூட்டர் பாக்கப் போற வீட்டுல எல்லாரையும் இப்படித்தான் கூப்பிடுவேன்.

அண்ணன்: விடு. ஒன்பது வருஷம் கழிச்சு இந்தப் படி ஏறியிருக்கா. எப்படிக் கூப்பிட்டா என்ன.

தங்கை: போன் எப்ப வந்துச்சு?

அண்ணன்: காலையில ஒன்பதரை இருக்கும். முதல் கிளாஸ் முடிஞ்சு காரை நிறுத்திட்டு உள்ள வரேன், மணி அடிக்குது. 'ஐயா, இன்டர்நெட் கம்பெனியிலேர்ந்து பேசறோம், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்திருக்கு'ன்னான். அவ்வளவு மரியாதை. வாய்க்கு வாய் ஐயா...

அண்ணி: இந்த வீட்டுல யாரும் அப்படிக் கூப்பிடறதில்லல்ல. ஆள் உருகிட்டாரு.

அண்ணன்: நீ சும்மா இரு. ஒரு பேரைச் சொல்லி டைப் பண்ணச் சொன்னான். பண்ணேன். ஒரு பெட்டி வந்துச்சு. 'சம்மதம்'னு அமுக்கச் சொன்னான்.

தங்கை: அமுக்கினீங்க.

அண்ணன்: மூணு தடவை. முதல் ரெண்டு தடவை சரியா அமுங்கல.

தங்கை: கடவுளே...

அண்ணன்: கோவிச்சுக்காதம்மா. வைரஸை எடுக்கறேன்னு சொன்னான்.

தங்கை: இருபத்தெட்டு வருஷமா டிரைவிங் ஸ்கூல் நடத்தறீங்க. முன்னப்பின்ன தெரியாதவன் வந்து நின்னா, கையில ஸ்டீயரிங்கைக் குடுத்துடுவீங்களா?

அண்ணன்: குடுப்பேனே. அதானே என் தொழிலு.

அண்ணி: ஹா! மாட்டினியா?

தங்கை: சிரிக்காதீங்க அண்ணி. கிளாஸ் கார்ல வாத்தியார் பக்கம் ஒரு பிரேக் இருக்கும்ல? அந்த தைரியத்துலதானே குடுக்கறீங்க? இதுல உங்க பக்கம் பிரேக்கே கிடையாது. அவன்கிட்டதான் எல்லாம். நேத்து இந்த வீட்டுல பிரேக்கு அண்ணிதான்.

அண்ணன்: ...சரி. அது ஒத்துக்கறேன்.

தங்கை: எந்தக் கம்பெனியும் தானா போன் பண்ணி வைரஸ் இருக்குன்னு சொல்லாது. சொன்னா போனை வைங்க. மரியாதைக்குறைவா போகுமேன்னு யோசிக்காதீங்க. படக்குன்னு வைங்க. சந்தேகமா இருந்து கம்பெனிக்குப் பேசணும்னா உங்க பில்லுல இருக்கற நம்பருக்கு நீங்களா பேசுங்க.

அண்ணன்: சரிம்மா.

தங்கை: இதோ, அவன் போட்ட புரோகிராம். தூக்கியாச்சு. இன்னொண்ணும் வச்சிருக்கான்... கம்ப்யூட்டரைப் போட்ட உடனே தானா ஓடற மாதிரி. அதையும் தூக்கிட்டேன். இப்ப முழுசா ஒரு தடவை சோதிக்கட்டும், நேரம் ஆகும். அதுக்குள்ள மெயிலைப் பாக்கலாம். என் லேப்டாப்ல திறங்க. பாஸ்வேர்டை நீங்களே அடிங்க, நான் திரும்பிக்கறேன்.

அண்ணன்: எதுக்குத் திரும்பற? கிளாஸ் கார் நம்பர்தான்.

தங்கை: எது, வெளிய நிக்குதே அதுவா? முன்னாடியும் பின்னாடியும் பாஸ்வேர்டை எழுதிக்கிட்டு ஊர் பூரா சுத்துதா அந்தக் காரு?

அண்ணன்: மறக்காம இருக்கும்ல.

தங்கை: யாருக்கும் மறக்காது! சரி, மத்ததுக்கெல்லாம் என்ன பாஸ்வேர்டு?

அண்ணன்: மத்ததுக்குன்னா...

அண்ணி: எல்லாத்துக்கும் அதேதான். கரன்ட் ஆபீசு, பேங்கு, போட்டோ வச்சிருக்கறது, எல்லாம். மறந்துடுமேன்னு கீபோர்டுக்கு அடியில ஒரு சீட்டுல எழுதி வேற ஒட்டியிருக்காரு.

தங்கை: ஏண்ணா, அறிவிருக்கா உனக்கு?

அண்ணி: அப்பாடா! இப்பதான் வீடு வீடு மாதிரி இருக்கு. நான் போய் டீ போடறேன். நீங்க அடிச்சுக்கோங்க.

தங்கை: என்னண்ணா சிரிப்பு?

அண்ணன்: ஒண்ணுமில்ல. நீ திட்டு.

தங்கை: புது பாஸ்வேர்டு வை. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தையைச் சேர்த்து எழுது. பேரு, பிறந்தநாள், கார் எதுவும் வேணாம். மெயிலுக்கு ஒண்ணு, பேங்குக்கு வேற ஒண்ணு. ஞாபகம் இல்லன்னா ஒரு நோட்டுல எழுதி பீரோவுக்குள்ள பூட்டி வை, தப்பில்ல. கீபோர்டுக்கு அடியில வேணாம்.

அண்ணன்: நாலு வார்த்தை... இரு... ம், கிடைச்சுடுச்சு. சொல்லட்டா?

தங்கை: சொல்லாத! யாருக்கும் சொல்லாத.

அண்ணன்: நீ என்ன யாரோவா?

தங்கை: ...எனக்கும் சொல்லாத. அடி. இனிமே யாரு உள்ள வந்தாலும் உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதையும் போட்டாதான் கதவு திறக்கும். அந்த நம்பரையும் எவன் கேட்டாலும் சொல்லக்கூடாது. ஐயான்னு கேட்டாலும் சரி, அழுதுக்கிட்டே கேட்டாலும் சரி.

அண்ணன்: சொல்ல மாட்டேன்.

தங்கை: ஐயோ, இதைப் பாரேன். உனக்கு வர்ற ஒவ்வொரு மெயிலும் அவனுக்கு ஒரு காப்பி போற மாதிரி செட் பண்ணி வச்சிருக்கான். பாஸ்வேர்டை மட்டும் மாத்திட்டு விட்டிருந்தா நாம பேசறதெல்லாம் உக்காந்து படிச்சிருப்பான்.

அண்ணன்: அடப்பாவி.

தங்கை: அழிச்சாச்சு. நேத்து உன் பேர்ல அவன் அனுப்பின மெயிலை வாங்கினவங்க யாராவது லிங்கை அமுக்கினாங்களா?

அண்ணன்: தெரிஞ்சவரைக்கும் இல்ல. அதுக்குள்ள எல்லாரும் போன் பண்ணிட்டாங்க. நேத்து பூரா போன் கீழ வைக்க முடியல. 'ஆஸ்பத்திரியில இருக்கேன், அவசரம், உடனே இதை அமுக்குங்க'ன்னா யாருதான் பதற மாட்டாங்க? டயர் கடைக்காரர் நேரா ஆஸ்பத்திரிக்கே போயிட்டாரு. வார்டு வார்டா தேடியிருக்காரு, பாவம்.

தங்கை: நல்ல மனுஷன்.

அண்ணன்: ஆமா... நீ... நீ மெயிலைப் பாத்ததும் பயந்துட்டியா?

தங்கை: இல்ல. நீ எழுதினது இல்லன்னு தெரியும்.

அண்ணன்: எப்படி?

தங்கை: 'அவசரம், உடனே'ன்னு இருந்துச்சே. நீ அப்படியெல்லாம் எழுதற ஆளா? 'ஒண்ணுமில்லம்மா, பயப்படாத, வேலையை முடிச்சிட்டு மெதுவா வா'ன்னுல்ல எழுதியிருப்ப. அப்பாவை ஐசியூவுல வச்சிருந்தப்ப போன்ல அதைத்தானே சொன்ன.

அண்ணன்: ஆமா.

தங்கை: நானும் நம்பி, ஆபீசுல உக்காந்து ரிப்போர்ட்டை முடிச்சேன். அடுத்த நாள் வந்து எறங்கினா வாசல்ல செருப்பு குமிஞ்சு கிடக்குது. அத்தனை செருப்பைப் பாத்துதான் எனக்கு விஷயமே தெரிஞ்சுது. யாரும் வாயால சொல்லல.

அண்ணன்: தெரியும்மா.

தங்கை: என்ன தெரியும்? ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தா அப்பா கையைப் பிடிச்சிருப்பேன்ல? ஏன் சொல்லல? அதை மட்டும் சொல்லு. ஒன்பது வருஷமா எனக்கு அது ஒண்ணுதான் புரியல.

அண்ணன்: சொன்னா... நீ உடனே காரை எடுத்திருப்ப.

தங்கை: எடுத்திருப்பேன்தான்!

அண்ணன்: லைசென்ஸ் வாங்கி மூணு மாசம். ஆறு மணி நேர ரோடு. அன்னைக்கு மழை வேற கொட்டுது. நீ அழுதுக்கிட்டே ஓட்டுவ... உன் ஓட்டு எனக்குத்தானே தெரியும், நான்தானே கத்துக்குடுத்தேன்? டாக்டர் வந்து இன்னைக்குத் தாண்டாதுன்னு சொல்றாரு. என் கண்ணுல அப்பா தெரியல. நீ அந்த மலை வளைவுல பிரேக்கை அமுக்கறதுதான் தெரியுது. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல விட்டுடுவேனோன்னு...

தங்கை: ...பஸ்ல வந்திருப்பேனேண்ணா. வாடகைக்கார் பிடிச்சிருப்பேனே.

அண்ணன்: அது அப்ப தோணவே இல்லம்மா. சத்தியமா தோணல. போனை வச்சப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சுத் தோணுச்சு. திரும்பக் கூப்பிட்டேன், உன் போன் அணைஞ்சிருந்துச்சு.

தங்கை: மீட்டிங்... மீட்டிங்ல இருந்தேன்.

அண்ணன்: தப்புதான். உன் அப்பாவைப் பாக்கறதா வேணாமான்னு உனக்குப் பதிலா நான் முடிவு பண்ணினது தப்புதான்.

தங்கை: இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?

அண்ணன்: 'இனிமே எனக்கு அண்ணனே இல்ல'ன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டுப் போனியே. அப்புறம் எந்த வாயால சொல்ல... இந்தா, துண்டு. கீபோர்டு மேல விழுது பாரு, ரிப்பேர் ஆயிடும்.

தங்கை: ஆனா ஆகட்டும், நான் பாத்துக்கறேன். அதானே என் தொழிலு.

அண்ணன்: ம்.

தங்கை: ...சரி, நகரு. இன்னும் ஒண்ணு பாக்கணும். நேத்து என்னென்ன போயிருக்குன்னு.

அண்ணன்: அது எதுக்கு? அதான் எல்லாம் சரியாயிடுச்சே. டீ வருது பாரு, குடிச்சிட்டு...

தங்கை: இரு. பத்து மணி ஏழு நிமிஷம். ஒரே மெயில், நூத்தி நாப்பத்தோரு பேருக்கு. டயர் கடை... மாமா... சித்தப்பா பையன்... இந்த லிஸ்ட்ல என் அட்ரஸ் இல்ல.

அண்ணன்: அப்படியா? விட்டுப் போயிருக்கும்.

தங்கை: எனக்கு வந்தது தனி. நாலேகால் மணிக்குப் போயிருக்கு. ஒரே ஒரு ஆளுக்கு.

அண்ணன்: அவன்... திரும்ப வந்து அனுப்பியிருப்பான்.

தங்கை: இது இந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்தே போயிருக்கு. அவன் பீரோ மேல ஏறி ஒயரை எடுத்து மாட்டிட்டா? அவன் எழுதினதுல ஆஸ்பத்திரிக்கே எழுத்துப் பிழை. எனக்கு வந்ததுல அதைத் திருத்தியிருக்கு. கமா, புள்ளி எல்லாம் வச்சிருக்கு. முக்கியமா, லிங்க் இல்ல. இந்தத் தொழில்ல லிங்க் இல்லாத மோசடி மெயிலை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லண்ணா.

அண்ணன்: லிங்க் வேணாம்னு எடுத்துட்டேன். தெரியாம அமுக்கிட்டா உன் கம்ப்யூட்டரும் போயிடுமேன்னு...

தங்கை: அவன் புரோகிராம் உள்ள இருக்கும்போதே ஒயரை மாட்டியிருக்க!

அண்ணன்: அஞ்சு நிமிஷம்தான். அவ மாடிக்குத் துணி எடுக்கப் போனா. டக்குன்னு மாட்டி, டக்குன்னு கழட்டிட்டேன்.

தங்கை: ஏண்ணா?

அண்ணன்: காலையிலேர்ந்து எல்லாரும் போன் பண்றாங்க. மணி அடிக்கும்போதெல்லாம் நீயா இருக்கும்னு ஓடறேன். எங்கெங்கியோ இருக்கறவன்லாம் 'என்ன ஆச்சு'ன்னு கேக்கறான், நீ மட்டும் கேக்கல. அவ்வளவு வெறுத்துட்டாளான்னு நினைச்சேன். அப்புறம் லிஸ்ட்டைப் பாத்தா உன் அட்ரஸே இல்ல. அன்னைக்கு நீ அப்படிச் சொல்லிட்டுப் போன கோவத்துல நான்தான் அழிச்சிருக்கேன். உனக்குப் போகவே இல்ல... போனா நீ வருவியோ என்னமோன்னு...

தங்கை: அழிச்சுட்டா, என் அட்ரஸ் எப்படிக் கிடைச்சுது?

அண்ணன்: உன் கடை போர்டுலதான் எழுதியிருக்கே. நீ இந்த ஊருக்கு வந்து கடை போட்டு நாலு வருஷம் ஆகுது. அந்தத் தெருவுலதான் எல்லாருக்கும் ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்குடுக்கறேன். போர்டு எனக்கு மனப்பாடம்.

தங்கை: ஊர்ல வேற தெருவே இல்லையான்னு நானும் நினைச்சிருக்கேன்.

அண்ணன்: பொய் சொல்லி உன்னை வரவச்சிட்டேன்மா. அன்னைக்கும் பொய், நேத்தும் பொய். மன்னிச்சுடு.

தங்கை: நேத்து மத்தியானமே சித்தப்பா பையன் அந்த மெயிலை எனக்கு அனுப்பி 'நிஜமா'ன்னு கேட்டுட்டாண்ணா. அண்ணிக்குப் போன் பண்ணி நீ நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டேன், உன்கிட்ட சொல்ல வேணாம்னும் சொல்லிட்டேன்... அப்புறம், நூத்தி நாப்பத்தோரு பேருக்குப் போனது எனக்கும் ஒண்ணு வருமான்னு நாலேகால் வரைக்கும் கடையில வேற வேலையே பாக்கல.