அசையாமல் இருந்த மூன்று நாள்

— கேக்குது… கேக்குது… கேக்குது…

— கேக்குதெல்லோ? அப்ப எழும்புங்கோ! கப்பல் நாலு மணிக்கு வெளிக்கிடுது. வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்திருக்கிறன்.

— கமலா, இது விகாரை. பௌர்ணமிப் போயாவுக்கு எட்டுச் சீலம் எடுத்து, வெள்ளை உடுத்து மூண்டு நாளா இருக்கிறன். நீர் போடுற சத்தம் எனக்குச் சத்தமில்லை. காதில ஒண்டு படுகுது, அவ்வளவுதான். நான் ‘கேக்குது’ எண்டு பேர் வைக்க அது போயிடுது.

— நான் போகேல்லை. இஞ்சைதான் நிக்கிறன்.

— தெரியுது… தெரியுது…

— இஞ்சாருங்கோ, தேயிலை ஏத்த வந்த கப்பலில உங்கட மகன் யோகலிங்கம் நிக்கிறான். ஒன்பது வருசத்துக்குப் பிறகு! மரக்கறி குடுக்கக் கப்பலுக்குப் போன கிண்ணியா ஸெய்னுதீன் தன்ர கண்ணால கண்டவர். வள்ளத்தைக் கட்டினதும் கட்டாததுமா என்னட்டை ஓடிவந்து சொன்னவர்.

— மகன் எண்டது ஒரு எண்ணம், கமலா. எண்ணம் வரும், போகும்.

— எண்ணத்துக்கோ நான் பால் குடுத்தனான்?

— கோபம்… கோபம்…

— ஆருக்கு?

— உமக்கு. நான் பேர் மட்டும்தான் வைக்கிறன்.

— என்ன அம்மா, வெயிலில நிக்கிறீங்க? உள்ள வாங்க. சோமசேகரம் மாத்தயா, ஆர் இந்த அம்மா?

— என்ர மனிசி, ஹாமதுரு. மன்னிக்கவேணும். இவவுக்குத் தியானம் விளங்காது.

— பிக்கு சாமி, நீங்களே சொல்லுங்கோ. வயதில இவற்ர பிள்ளையைப் போல இருக்கிறீங்கள், எண்டாலும் குரு நீங்கள்தானே. பெத்த மகன் கப்பலில வந்து நிக்கிறான், போய்ப் பாருங்கோ எண்டு சொல்லுங்கோ.

— மாத்தயா, உங்களுக்கு மகன் இருக்கா?

— ஏழு வருசமா இஞ்சை வாறார், சாமிக்குத் தெரியாதோ?

— தெரியாது அம்மா. தியானத்தில என்ன வந்தது எண்டு கிழமைக்கு ஒருக்கா எல்லாரும் எனக்குச் சொல்லவேணும். அது எங்கட முறை. மாத்தயா மட்டும் டைப் அடிச்சுத் தருவார். நுளம்பு வந்தது, போனது. முழங்கால் நோ வந்தது, போனது. சரி. ஏழு வருசத்தில மகன் ஒரு நாளும் வரேல்லை.

— துறைமுகக் கந்தோரில முப்பது வருசம், கப்பல் வந்தது, கப்பல் போனது எண்டு எழுதின கையெல்லோ சாமி.

— ஹாமதுரு, மேற்படி விடயம் அறிக்கைக்கு உரியதல்ல. அதை நான் எப்பவோ கடந்திட்டன்.

— கடந்தவர்! போன மாதம் தியானச் சங்கத் தலைவரெண்டு ஏறி நிண்டு, கோபத்தை வெல்லுறதைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினவர். வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினத்தின்ர ஆட்டுக்குக் கல்லெறிஞ்சவர்.

— அது கோபமில்லை. ஆடு என்ர செவ்வரத்தைப் பூச்செடியைத் திண்டது.

— உண்மையைச் சொல்லட்டே சாமி? கோணேசர் கோயிலுக்குப் போனா ஆக்கள் ‘மகன் கடிதம் போட்டவரோ’ எண்டு கேப்பினம். இஞ்சை ஒருத்தரும் கேளாயினம். அதுக்குத்தான் இவர் புத்தரிட்டை வந்தவர்.

— சரி, சரி. மகன் ஏன் வீட்டுக்கு வரேல்லை அம்மா?

— இவர் எடுத்துக் குடுத்த கந்தோர் வேலை வேண்டாம், எஞ்சின் வேலை பழகப் போறன் எண்டவன். கந்தோரில எல்லாருக்கும் முன்னால கன்னத்தில அடிச்சு, ‘இனி என்ர படலையைத் திறந்தா நீ மனிசனில்லை’ எண்டவர். அவன் இப்பவும் திறக்கமாட்டானாம். அப்பா வந்து கூப்பிட்டா வருவானாம். இவருக்குப் பிறந்தது, வேற எப்பிடி இருக்கும்?

— மாத்தயா, இதுக்கு என்ன பேர் வைச்சீங்க?

— பழைய நினைவு. வந்தது, போனது.

— ஸெய்னுதீன் இன்னொண்டும் சொன்னவர். இவருக்குச் சொல்லுவமோ விடுவமோ எண்டு வழி முழுக்க யோசிச்சனான். பிள்ளையின்ர வலக்கையில ரெண்டு விரல் இல்லையாம். எஞ்சினில அகப்பட்டதாம்.

— கேக்குது… கேக்கு…

— ஏன் நிப்பாட்டிட்டீங்கள்? அதுக்கும் பேர் வையுங்கோவன்.

— எந்த விரல்?

— சாமி, கேட்டீங்களோ!

— எந்த விரல் எண்டு கேக்கிறன், கமலா!

— எனக்கென்ன தெரியும்? போய்ப் பாத்தாத்தானே.

— அந்தக் கையைப் பிடிச்சு ஆனா ஆவன்னா எழுதப் பழக்கினது நான்தான்… ஹாமதுரு, என்ர உபேட்சை, மனச்சமநிலை, குழம்புது. தயவுசெய்து இவவை வெளியில அனுப்புங்கோ. நான் முதலில இருந்து தொடங்கவேணும்.

— மாத்தயா, நோ வந்தா நோ எண்டு அறியத்தான் புத்தர் சொன்னார். நீங்க நோ உள்ளுக்கு வரமுதலே முத்திரை குத்தித் திருப்பி அனுப்புறீங்க. ஏழு வருச அறிக்கையில ஒரு துக்கமும் இல்லை. எனக்குப் பயமா இருந்தது. இவர் ஞானியா இருக்கவேணும், இல்லாட்டி ஒளிக்கிறார் எண்டு நினைச்சேன். ஞானி ஆட்டுக்குக் கல் எறியமாட்டார்தானே?

— பற்றை விடச் சொல்லித்தானே நீங்கள் படிப்பிச்சது?

— கையில எடுத்ததைத்தான் விட ஏலும். நீங்க இன்னும் தொடவே இல்லை. கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கு இருக்கிறது உபேட்சை இல்லை மாத்தயா. எல்லாம் வரட்டும் எண்டு ஓடாமல் நிக்கிறதுதான் உபேட்சை. போய் மகனுக்கு முன்னால நில்லுங்க. இண்டைக்கு அதுதான் தியானம். அழுகை வந்தா அழுங்க. பிறகு எனக்கு வாயால சொல்லுங்க. டைப் வேண்டாம்.

— அழுதா… சீலம் முறியாதோ?

— எட்டுச் சீலத்திலயும் அழுகை இல்லை. நான் எண்ணிப் பாத்திருக்கிறேன்.

— சாமி நல்லாயிருக்கவேணும்! ஆனா இனி என்ன செய்து என்ன? வாற வழியில துறைமுகக் கேட்டில கேட்டனான். பாஸ் இல்லாமல் உள்ளுக்கு விட ஏலாதாம். பாஸ் குடுக்கிற கந்தோர் போயாவெண்டு பூட்டு. ஞாயிற்றுக்கிழமை லீவைத் தூக்கிப் போயாவில போட்ட அரசாங்கம் என்ர பிள்ளையை நினைக்கேல்லையே!

— வள்ளத்தில போக ஏலாதா அம்மா?

— ஸெய்னுதீன் அப்பவே கிண்ணியாவுக்குத் திரும்பிட்டார் சாமி. இப்ப மூண்டு மணி. இவரை எழுப்பினதுதான் மிச்சம்.

— கமலா.

— என்ன? ‘அழுகை, அழுகை’ எண்டு சொல்லப்போறீங்களோ? சொல்லுங்கோ.

— கப்பல் நாலுக்கில்லை. நாலரைக்கு.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— அது வந்த அண்டைக்கே கந்தோருக்குப் போனனான். சும்மா, பழைய பழக்கத்தில. கப்பல் ஆக்களின்ர லிஸ்டில அவன்ர பேர் கிடந்தது. ரெண்டு தரம் வாசிச்சனான்.

— அண்டைக்கேயோ? என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லாமல்…

— பிறகு ஏசும். இப்ப கையைப் பிடிச்சு எழுப்பும், கால் விறைச்சுப் போச்சு. நான் எழும்பினதும் இந்த மெத்தையைத் தூக்கிப் பாரும். பாஸ் கிடக்கு, ரெண்டு பேருக்கு, இண்டை வரைக்கும் செல்லும். மூண்டு நாளா அதுக்கு மேலதான் இருக்கிறன்.