ஏணியை உருவியவள்

ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் உண்டு, சங்கு ஊதினால் உறங்கப் போகிற இந்த ஊருக்கு ஒரு சங்கமும் வேண்டும் என்று சளைக்காமல் உழைத்து, இன்று இந்த நினைவுக் கூட்டத்தின் தலைமை இருக்கையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிற எங்கள் தலைவர் அவர்களே! இருமலை அடக்கிக்கொண்டு முன்வரிசையில் இருக்கிற ஓய்வுபெற்ற பெரியவர்களே! கழிவுத்தாள் கொட்டகையிலிருந்து கைகழுவக்கூட நேரமின்றி ஓடிவந்திருக்கிற தாய்மார்களே! ஆலைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, காதில் விழாததுபோல் கேட்டுக்கொண்டிருக்கிற மேலாளர் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் இந்த எளியவனின் வணக்கம்.

நான் வெட்டு இயந்திரத்தில் நிற்பவன். தாளை அளந்து வெட்டத் தெரிந்த எனக்குப் பேச்சை அளந்து வெட்டத் தெரியாது. நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் ஊரைப் புகழ்ந்தார்கள். ஒருவனுக்கு ஆபத்தென்றால் ஊரே குதிக்கும் என்றார்கள். உயிரைத் தூசாக நினைக்கிற உழைப்பாளிகள் என்றார்கள். ஆலை முதலாளி அனுப்பிய மலர்வளையத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஐயா, உயிரைத் தூசாக நினைத்தது யார்? நாமா? நமக்கு ஒரு முகமூடி வாங்கித் தராதவர்களா?

கைதட்டாதீர்கள். இன்று கைதட்டுகிற நாள் இல்லை. நான் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டீர்களே, 'ஏணிக்காரி' என்று! அவள் பாய்லர்காரரின் மனைவி. கழிவுத்தாள் பொதிகளைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கைகள் அவளுடையவை. அவள் இந்த ஊருக்கு மருமகளாய் வந்தபோது அவள் கொழுந்தன் பள்ளிக்கூடம் போகிற சிறுவன். அவனுக்குத் தலைவாரிவிட்டவள் அவள். காய்ச்சல் என்றால் மடியில் போட்டுக்கொண்டவள் அவள். அவன் வளர்ந்து, நம் ஆலையிலேயே ஃபிட்டராகி, தனக்கென்று ஒருத்தியைத் தேடிக்கொண்டபோது, வீட்டில் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கித் தந்தவளும் அவள்தான்.

சென்ற ஆண்டு இதே மாதம், பழுதுபார்ப்பதற்காக ஆலையைப் பல நாள் மூடிவைத்தார்கள். தொட்டியில் தேங்கிய காகிதக் கூழ் அழுகியது. அழுகிய கூழிலிருந்து கிளம்புகிற வாயுவை அறிவீர்கள். முதலில் கெட்டுப்போன முட்டைபோல் நாறும். சற்றுப் பொறுத்தால் நாற்றம் போய்விடும். அப்பாடா என்று நாம் மூச்சை இழுக்கிற அந்த நேரத்தில், போனது நாற்றமல்ல தோழர்களே, நம் மூக்கு! அடுத்து உயிர்!

ஆலையை மறுபடி ஓட்டியபோது பம்ப் அடைத்துக்கொண்டது என்று பம்ப்காரரைத் தொட்டிக்குள் இறங்கச் சொன்னார்கள். சொன்னவர் யார்? அவர் பெயர் விசாரணையில் எங்குமே வரவில்லை. பம்ப்காரர் ஏணி வழியாக இறங்கினார். நாலு வார்த்தை பேசினார். ஐந்தாவது வார்த்தை வரவில்லை. எட்டிப் பார்த்த லோடுமேன் நம் 'ஒட்டடைக்குச்சி', "அண்ணன் விழுந்துட்டாருடா!" என்று கத்திக்கொண்டே இறங்கினான். ஊரில் எல்லோரையும் விட உயரமானவன். அவ்வளவு உயரமும் அந்தச் சேற்றில் மடிந்து விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த ஃபிட்டர், யாரும் தடுக்குமுன் இறங்கினான். இருவரில் ஒருவரின் சட்டையைப் பிடித்தான். பிடித்த கை பிடித்தபடியே இருந்தது, அவன் சரிந்தான்.

அப்போது வந்தார் பாய்லர்காரர். தம்பி உள்ளே கிடக்கிறான். துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைக்கப் போனார். கொட்டகையிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், அவரை ஒரு தள்ளு தள்ளினாள். ஏணியைப் பிடித்தாள். ஆண்கள் இருவர் சேர்ந்து தூக்குகிற இரும்பு ஏணி! ஒற்றை ஆளாய் அதை உருவி மேலே இழுத்துப் போட்டு, அதன் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"விடுடி! உள்ள கிடக்கிறது என் தம்பிடி!"

"எனக்கும் அவன் புள்ளதாங்க! இறங்கின மூணு பேர்ல எவனாச்சும் ஏறினானா? ஒருத்தனாச்சும் ஏறினானா சொல்லுங்க!"

அவர் இழுத்தார். அடித்தார். சுற்றி நின்றவர்கள் அவளைத் திட்டினார்கள். விரல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பிரியவில்லை. தீயணைப்புப் படை முகமூடியோடு வந்து மூவரையும் வெளியே கிடத்தும் வரை அந்தப் பெண் ஏணியை விடவில்லை. விட்ட பிறகு, ஃபிட்டரின் தலையை எடுத்து மடியில் வைத்து, கூழ் ஒட்டிய முடியை விரலால் கோதிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அவள் அழாததையும் ஊர் குற்றம் என்றது!

பிறகு என்ன ஆயிற்று? தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன. கடைக்காரர் அவளிடம் சாமானைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். பெற்ற தாய், இரண்டு மகன்களில் ஒருவனை இழந்த அந்த மாமியார், "ஒருத்தனைக் காப்பாத்துறேன்னு இன்னொருத்தனைப் புதைச்சுட்டாளே" என்று மார்பில் அடித்துக்கொண்டார். அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். துக்கத்துக்குக் கண் தெரியாது. கணவரோ, உயிரோடிருப்பதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். இன்னும் அப்படித்தான் போகிறார்.

இதைக் கண்டுகொண்டது நிர்வாகம். கேன்டீனில் மேசை போட்டு விசாரணை வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: தொட்டியில் குறையில்லை, ஏணியை அகற்றியதால்தான் மூவரும் ஏறிவர முடியாமல் போயிற்று! எப்படி இருக்கிறது நியாயம்? காற்றூதும் இயந்திரம் இல்லாதது குற்றமல்ல. முகமூடி இல்லாதது குற்றமல்ல. இறங்கச் சொன்னது குற்றமல்ல. ஒரு மனைவி தன் கணவனைப் பிணமாக்காமல் விட்டதுதான் குற்றம்!

அங்கே ஃபிட்டரின் மனைவியை உட்காரவைத்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரி. "ஏணி இருந்தா என் வீட்டுக்காரர் பிழைச்சிருப்பாருன்னு மட்டும் சொல்லும்மா. ஆபீஸ்லயே வேலை போட்டுத் தர்றோம்" என்று முன்பே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் அந்தக் கேன்டீனில் இருந்தேன். அவள் சொல்லிவிடுவாள் என்றே நினைத்தோம். சொல்லியிருந்தால் யார் குறை கூற முடியும்?

அவள் எழுந்தாள். கடைசி பெஞ்சில் தனியே உட்கார்ந்திருந்த ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ எட்டிப் பாத்தப்ப அவர் கை காலு ஏதாச்சும் அசைஞ்சுதா?"

பாய்லர்காரர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்தாள்.

"இல்லம்மா. கண்ணு திறந்திருந்துச்சு. மூஞ்சி பாதி கூழுக்குள்ள இருந்துச்சு. அசையல."

ஃபிட்டரின் மனைவி அந்தப் பதிலை விழுங்கிக்கொண்டு அதிகாரியிடம் திரும்பினாள். "கேட்டீங்கல்ல சார்? என் வீட்டுக்காரர் ஏணி இருக்கும்போதுதான் செத்தாரு. ஏணி எடுத்த பொறவு யாரும் சாகல. உங்க வேலை எனக்கு வேணாம். அந்தத் தொட்டிக்குள்ள இறங்கச் சொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

அதிகாரி தண்ணீர் கேட்டார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான், அத்தனை நாள் கழித்து, பாய்லர்காரர் மனைவி அழுதாள்.

இன்று கதை முடிந்ததா? முடியவில்லை. மாமியார் இன்னும் அவளோடு பேசுவதில்லை. ஃபிட்டரின் மனைவிக்கு ஆபீஸ் வேலை கிடைக்கவில்லை. அவளும் கொட்டகையில் தாள் பிரிக்கிறாள். இறங்கச் சொன்ன வாய் எது என்று இன்றும் தெரியாது. காற்றூதும் இயந்திரம் வந்துகொண்டிருக்கிறதாம். ஓராண்டாக வந்துகொண்டிருக்கிறது. நடந்து வருகிறதோ என்னவோ!

சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டு இதையும் கேளுங்கள். வருகிற திங்கட்கிழமை அதே தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் அண்ணே, அதே தொட்டிதான், நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். காற்றைச் சோதிக்கக் கருவி இல்லை. முகமூடி இல்லை. 'உங்கள் ஊர்க்காரர்கள் துணிச்சல்காரர்கள் ஆயிற்றே' என்று தோளில் தட்டுகிறார்கள்.

தோழர்களே! இந்தத் துணிச்சல் என்ற சொல்லைக் கண்டு நான் நடுங்குகிறேன். நம் அன்பு அவர்களுக்குச் செலவில்லாத கருவியாகிவிட்டது. ஒருவன் விழுந்தால் இன்னொருவன் இறங்குவான் என்று தெரிந்தபிறகு எந்த முதலாளி முகமூடி வாங்குவான்? நாம் ஒருவருக்காக ஒருவர் சாகத் தயங்காதவர்கள். அது நம் பெருமை என்றால், அந்தப் பெருமையை அவர்கள் அறுவடை செய்கிறார்கள்! சாகத் தெரிந்த ஊர் என்ற பட்டம் போதும். சாக மறுத்த ஊர் என்ற பட்டம் வேண்டும். இறங்க மாட்டோம்! கேட்டால் இறங்க மாட்டோம், கெஞ்சினால் இறங்க மாட்டோம், வேலையைப் பறிப்போம் என்று வெருட்டினாலும் இறங்க மாட்டோம்!

இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். ஏற்பவர்கள் கையைத் தூக்குங்கள். ... நன்றி. கீழே போடுங்கள். ஒருவர் மட்டும் இன்னும் தூக்கிக்கொண்டிருக்கிறார். பாய்லர்கார அண்ணே, பார்த்துவிட்டோம். போதும், உட்காருங்கள். அவர் பக்கத்தில் இடம் விடுங்கள், அவர் மனைவி நின்றுகொண்டிருக்கிறார்.

வாய்ப்பளித்த தலைவருக்கும், ஒலிபெருக்கி தந்த எலக்ட்ரிஷியன் தம்பிக்கும், வெயிலில் நின்று கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் புறப்படுங்கள். போனவர்கள் எல்லோரும் முழுசாய்த் திரும்பி வாருங்கள். வணக்கம்.